கட்டுரை எழுத ஏஐ கேட்கும் பிள்ளைகள்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைகள் எழுத்து வேலைக்கு ஏஐயைப் பயன்படுத்தலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: ஆறாம் வகுப்பு முதல், முதல் வரைவைத் தன் கையால் எழுதி முடித்த பிறகு பயன்படுத்தலாம். அதற்கு முன்னால் வேண்டாம். இந்த ஒரு விதியை வீட்டில் எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகளின் பெயர்களைக் கேள்விப்பட்டிருந்தும் உள்ளே போய்ப் பார்த்திராத அம்மா அப்பாக்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அதன் பிறகு என் மேசைக்கு வரும் கட்டுரைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே குரலுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. எந்த ஊர்ப் பிள்ளை, எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அது. பிழை குறைவாக இருக்கிறது, பிள்ளையையும் காணோம். இந்த வருத்தம்தான் என்னை எழுத வைக்கிறது.

ஏஐ எழுதினால் எப்படி இருக்கும்?

பிள்ளையிடம் பேசுவதற்கு முன் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். உங்கள் போனில் ஏதாவது ஒரு ஏஐ செயலியைத் திறந்து, "மழைக்காலம் பற்றி ஏழாம் வகுப்பு மாணவருக்கு ஒரு கட்டுரை எழுது" என்று தமிழிலேயே கேளுங்கள். சில நொடிகளில் வந்துவிடும். ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மழை இயற்கை நமக்கு அளித்த அருட்கொடை. உழவர்களின் வாழ்வில் மழை முக்கியப் பங்கு வகிக்கிறது. மழைத்துளிகள் மண்ணைத் தொடும்போது எழும் மண்வாசனை நம் மனத்தை மகிழ்விக்கிறது. எனவே மழைநீரைச் சேமிப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்."

இதில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது. இப்போது இதே தலைப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ரஃப் நோட்டில் எழுதுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: "மழை பெய்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருவார். அம்மா மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ள ஓடுவாள். நான் பள்ளிக்குப் போக வேண்டாம் என்று நினைப்பேன் ஆனால் வேன் வந்துவிடும்." நாலு வரி, நடுவில் ஒரு கால்புள்ளி இல்லை, கட்டுரைக்கு முன்னுரையும் இல்லை. ஆனால் சைக்கிளைத் தூக்கும் பால்காரர் இருக்கிறார். அவரைப் பார்த்தவள் அந்தப் பிள்ளை மட்டும்தான்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஏஐ வேலை செய்யும் விதம். அது கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிடப் பழகியிருக்கிறது. அதனால் மழை என்றதும் எல்லோரும் மழை பற்றி வழக்கமாகச் சொன்னதைக் கோத்துக் கொடுக்கிறது. உங்கள் தெரு அதற்குத் தெரியாது. அது படித்த பக்கங்களில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் அதில் மிகச் சிறிய பங்கு. ஏஐ எழுதும் தமிழில் ஆங்கில வாக்கிய அமைப்பு அடியில் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த இரண்டு மாதிரிகளையும் பிள்ளையிடம் காட்டுங்கள். எது நல்ல கட்டுரை என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் முதலாவதைத்தான் சொல்வார்கள், மதிப்பெண் அதற்குத்தான் வரும் என்று பழகிவிட்டார்கள். அப்போது வேறு மாதிரி கேளுங்கள்: "எதைப் படித்தபோது உனக்குக் கண்ணில் ஏதாவது தெரிந்தது?"

முதல் வரைவு ஏன் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்?

கைடைப் பார்த்துக் கட்டுரை எழுதும் பழக்கம் நம் வகுப்பறைகளில் வெகுநாளாக உண்டு, இதில் மட்டும் என்ன புதுசு என்று சிலர் கேட்கிறார்கள். கைடைப் பார்த்து எழுதும் பிள்ளை அதை வாசித்தாவது ஆக வேண்டும். பல பிள்ளைகள் மனப்பாடமே செய்தார்கள். நான் அந்தப் பழக்கத்தையும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஏஐயிடம் கேட்டு வாங்குகிற கட்டுரையை வாசிக்காமலே ஒட்டிக் கொடுக்க முடியும். பிள்ளையின் தலை வழியாக ஒரு சொல்கூடப் போகத் தேவையில்லை.

இது வெறும் பயமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன். துருக்கியில் ஏறக்குறைய 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பாடம் கணக்கு. கேட்டதும் விடை சொல்லும் ஏஐயைப் பயன்படுத்திய பிள்ளைகள் பயிற்சி நேரத்தில் மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். அப்புறம் ஏஐ இல்லாமல் தேர்வு வைத்தபோது, ஏஐயே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். மூன்றாவதாக ஒரு குழுவுக்கு, விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றிய ஏஐ தரப்பட்டது. அவர்களுக்கு அந்தப் பின்னடைவு பெரும்பாலும் இல்லை. கருவி ஒன்றுதான், அது விடையைக் கொடுத்ததா, பிள்ளையை யோசிக்க வைத்ததா என்பதில்தான் எல்லாம் இருந்தது. என் வழிமுறை முழுக்க இந்த மூன்றாவது குழுவைப் பார்த்து அமைந்ததுதான்.

இன்னொன்று, அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2025இல் வெளியிட்டது. 54 பேரைக் கட்டுரை எழுத வைத்தார்கள். ஏஐ துணையோடு எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு, சற்று முன் தாங்களே எழுதிக் கொடுத்த கட்டுரையிலிருந்து ஒரு வரியைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. சிறிய ஆய்வு, அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள், அதனால் இதைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும் ஒரு வரி நினைவில் இல்லாத கட்டுரையைத் தன்னுடையது என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

நம் தேர்வு முறையையும் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை உண்டு, கடிதம் உண்டு, காட்சியைக் கண்டு கவினுற எழுதுக என்று ஒரு படத்தைக் கொடுத்து எழுதச் சொல்லும் கேள்வியும் உண்டு. பேனாவும் தாளும் மட்டும்தான். வருடம் முழுக்க ஏஐ எழுதிக் கொடுத்த பிள்ளை அங்கே போய் உட்காரும்போது என்ன ஆகும் என்பதைத்தான் துருக்கி ஆய்வு காட்டியிருக்கிறது.

வகுப்பு வாரியாக எங்கே நிறுத்துவது?

ஐந்தாம் வகுப்பு வரை எழுத்து வேலைக்கு ஏஐ வேண்டவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த வயதில் பிள்ளை கற்றுக்கொள்வது கட்டுரை எழுதுவதை அல்ல, நினைப்பதை வாக்கியமாக்குவதை. நோட்டு, பென்சில், கேட்பதற்கு ஒரு பெரியவர், இவ்வளவு போதும். பிழை இருக்கட்டும்.

ஆறு முதல் எட்டு வரை, உங்கள் போனில், உங்கள் கணக்கில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஏஐக்கான செய்தியைத் தட்டுவதும் நீங்களாகவே இருந்தால் நல்லது. பிள்ளை சொல்ல, நீங்கள் தட்டுங்கள். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் வகுப்பறையில் இத்தகைய ஏஐ கருவிகளைத் தானே பயன்படுத்த 13 வயதைக் குறைந்தபட்ச வரம்பாகப் பரிந்துரைத்தது.

ஒன்பதாம் வகுப்பு முதல் தனியாகப் பயன்படுத்த விடலாம், கீழே சொல்லும் முறைக்குப் பழகியிருந்தால். பழகாத பிள்ளை என்றால் பதினொன்றாம் வகுப்பானாலும் ஆறாம் வகுப்புக்கான இடத்திலிருந்தே தொடங்குங்கள்.

வாசிப்பிலும் எழுத்திலும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. கையால் எழுதத் திணறும் பிள்ளை வாயால் சொல்ல, போன் அதை எழுத்தாக்கினால் அது பிள்ளையின் கட்டுரைதான். சிறப்பாசிரியரிடம் பேசி முடிவெடுங்கள்.

கணக்கும் போனும்

சாட்ஜிபிடிக்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும். 18 வயதுக்குள் இருந்தால் பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்கிறது அதன் விதி. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாடுக்கு 18 வயது. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு திறந்து கொடுக்காதீர்கள். சிறுவர் என்று தெரிந்தால் போடும் பாதுகாப்புத் தடைகள் அந்தக் கணக்கில் வேலை செய்யாமல் போகலாம்.

சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பர் முதல் பெற்றோர் கட்டுப்பாடு என்ற வசதி இருக்கிறது. உங்கள் கணக்கையும் பிள்ளையின் கணக்கையும் இணைத்துவிட்டால், எந்த நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று நீங்கள் குறிக்கலாம். குரல் வசதி, படம் உருவாக்கும் வசதி, பழைய பேச்சை நினைவில் வைக்கும் வசதி எல்லாவற்றையும் அணைக்கலாம். பிள்ளை என்ன பேசியது என்பதை அதில் வாசிக்க முடியாது. அதற்குப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஜெமினி என்றால், கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாக நீங்கள் நிர்வகிக்கும் சிறுவர் கணக்கில் அதை அணைத்து வைக்க முடியும்.

அப்புறம், எந்தக் கணக்காக இருந்தாலும் செட்டிங்ஸுக்குள் போய், நம் பேச்சை வைத்து ஏஐயைப் பழக்குவதற்கான அனுமதியை அணையுங்கள். சாட்ஜிபிடியில் அது டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதிக்குள் இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டுரையை ஒட்டுவதற்கு முன் பிள்ளையின் பெயர், பள்ளிப் பெயர், தெருப் பெயர், போன் எண் ஆகியவற்றை நீக்கும் பழக்கத்தை நீங்களே சொல்லிக்கொடுங்கள். "என் குடும்பம்", "என் நண்பன்" மாதிரித் தலைப்புகளில் பிள்ளைகள் வீட்டு விஷயங்களைக் கள்ளம் இல்லாமல் எழுதுவார்கள். அந்த மாதிரிக் கட்டுரைகளை ஏஐக்குக் காட்டவே வேண்டாம். அவற்றை வாசிக்கும் உரிமை உங்களுக்கும் ஆசிரியருக்கும்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: தனிச் செயலியை நீக்கிவிட்டால் ஏஐ போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ இருக்கிறது. கூகுளில் தேடினாலே மேலே ஏஐ எழுதிய பதில் வருகிறது. பாடப்புத்தகக் கேள்வியைப் படம் எடுத்தால் விடை கொடுக்கும் வசதியும் போனில் இருக்கிறது. அதனால் பூட்டி வைப்பதை மட்டும் நம்பினால் பயன் இல்லை.

எழுதும் முறை: உட்கார்ந்து செய்ய வேண்டியது

முதலில் பேச்சு. தலைப்பைப் பற்றிப் பிள்ளை உங்களிடம் பேசட்டும். சமையல் செய்துகொண்டே கேட்கலாம், வண்டியில் போகும்போது கேட்கலாம். "மழை வந்தால் உனக்கு எது பிடிக்கும்? எது பிடிக்காது? போன மழையில் என்ன நடந்தது?" பேசி முடித்ததும், நினைவில் நின்ற நாலைந்து விஷயங்களை ஒற்றைச் சொற்களாக ரஃப் நோட்டில் குறிக்கட்டும்: பால்காரர், மிளகாய், வேன், தவளைச் சத்தம். இந்தக் கட்டத்தில் "ஐடியா மட்டும் ஏஐகிட்ட கேட்டுக்கிறேனே" என்று பிள்ளை கேட்கும். கூடாது. இந்த விதியில் எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். எதைப் பற்றி எழுதுவது என்று தேடுவதுதான் எழுத்தின் பாதி வேலை. ஏஐ கொடுக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டால் பிள்ளைக்குத் தன் தெருப் பால்காரர் ஞாபகத்துக்கே வர மாட்டார்.

அடுத்து, ரஃப் நோட்டில் முதல் வரைவு. கையால். போன் வேறு அறையில். எழுத்துப்பிழை பற்றி நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. முன்னுரை வரவில்லை என்று பிள்ளை மாட்டிக்கொண்டால் நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதலாம் என்று தெரிந்தாலே பல பிள்ளைகளுக்குப் பேனா ஓடத் தொடங்கிவிடும்.

எழுதியதைப் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். வாசிக்கும்போதே பாதிப் பிழைகளை அதுவே கண்டுபிடிக்கும். மூச்சு முட்டுகிற வாக்கியம் எது, இரண்டு முறை வந்த சொல் எது என்று காது சொல்லிவிடும். இதற்குப் பிறகு ஏஐ தேவையில்லை என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள், ஃபேர் நோட்டில் எழுதி முடிக்கட்டும். பெரும்பாலான வீட்டுப்பாடங்களுக்கு இவ்வளவே போதும்.

இன்னும் மெருகேற்ற வேண்டும் என்றால் இப்போது ஏஐயைத் திறக்கலாம். கட்டுரையைத் தட்டச்சு செய்து, அதற்கு மேலே இதைப் போடுங்கள்:

"நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். கீழே இருப்பது நானே எழுதிய கட்டுரை. இதைத் திருத்தி எழுதித் தராதே. எனக்காக ஒரு வாக்கியம்கூட எழுதாதே. படிக்கிற ஒருவருக்கு எங்கே இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றும் என்று பார்த்து, மூன்று கேள்விகள் மட்டும் கேள்."

இப்படிச் சொன்னால் வரும் பதில் வேறாக இருக்கும். மேலே சொன்ன மழைக் கட்டுரைக்கு, "பால்காரர் ஏன் சைக்கிளைத் தூக்குகிறார்? நீ எங்கே நின்று பார்த்தாய்?" என்கிற மாதிரிக் கேள்விகள் வரும். பிள்ளை மறுபடியும் ரஃப் நோட்டுக்குப் போகும். "தண்ணீர் முழங்கால் வரை இருக்கும். கேன் நனையக் கூடாது என்று தூக்குவார். நான் மாடிப்படியில் நின்று பார்ப்பேன். அவர் செருப்பைக் கழற்றி கேரியரில் மாட்டியிருப்பார்." கேரியரில் மாட்டிய அந்தச் செருப்பு பிள்ளையின் நினைவில் ஏற்கெனவே இருந்ததுதான். யாராவது கேட்டதும் வெளியே வந்தது. நல்ல ஆசிரியர் செய்கிற வேலை இது. முப்பது, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு நோட்டுக்கும் உட்கார்ந்து இப்படிக் கேட்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஏஐயால் உண்மையான பயன் இருக்கிறது என்று நான் நினைக்கிற இடம் இது.

கவனிக்க வேண்டியது ஒன்று. கேள்விகளைக் கேட்டுவிட்டு, கடைசியில் "வேண்டுமானால் இதை நானே அழகாக மாற்றி எழுதித் தரட்டுமா?" என்று அது ஆசை காட்டும். அடிக்கடி கேட்கும். "வேண்டாம்" என்று பிள்ளையே தட்டட்டும். சாட்ஜிபிடியில் ஸ்டடி மோடு என்றும் ஜெமினியில் கைடட் லேர்னிங் என்றும் வசதிகள் 2025இல் வந்திருக்கின்றன; விடையைச் சொல்லாமல் படிப்படியாக யோசிக்க வைப்பதற்காக அவற்றை அமைத்திருக்கிறார்கள். பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் ஒரே தட்டலில் பிள்ளை அதிலிருந்து வெளியே வந்துவிட முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுத்துப்பிழைக்கு வேறு செய்தி போட வேண்டும்: "பிழை உள்ள சொற்களை மட்டும் பட்டியலிடு. சரியான வடிவத்தைச் சொல்லாதே." பிள்ளை அகராதியிலோ பாடநூலிலோ பார்த்துத் திருத்தட்டும். தமிழில் இந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. வல்லினம் மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் ஏஐ அடிக்கடி குழப்பும். சரியாக எழுதியதையும் தவறு என்று சொல்லும். வட்டாரச் சொற்களையும் பிழைக் கணக்கில் சேர்த்துவிடும். பிள்ளை "ஆத்தா" என்று எழுதியதை "பாட்டி" ஆக்கச் சொன்னால், உங்கள் வீட்டில் அவர் ஆத்தா என்றால் ஆத்தாவாகவே இருக்கட்டும்.

மேற்கோள்களை நம்பாதீர்கள்

நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் குறளும், பாரதியார் வரியும், அப்துல் கலாம் சொன்னதாக ஒரு வாக்கியமும் இல்லாமல் இருக்காது. ஏஐயிடம் கேட்டால் தயங்காமல் கொடுக்கும். அதில் சிலது யாருமே எழுதாதவை. இல்லாத குறளை எண்ணோடு, அதிகாரப் பெயரோடு உரையும் சேர்த்துக் கொடுக்கும். படிக்க அழகாகவும் இருக்கும்.

இதைப் பிடிக்கப் பிள்ளைக்கு ஒரு சின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். குறள் என்றால் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். எண்ணிப் பார்க்கட்டும். அடுத்து, மொத்தம் 1330 குறள், 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து. அதனால் குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு ஒன்று கூட்டினால் அதிகார எண் கிடைக்கும். 391ஆம் குறள் என்றால் 39, ஒன்று கூட்டினால் 40. நாற்பதாம் அதிகாரம் கல்வி, சரி. கடைசி இலக்கம் சுழியாக இருந்தால் மட்டும் கூட்ட வேண்டாம். 400ஆம் குறளும் நாற்பதாம் அதிகாரம்தான். ஏஐ சொன்ன எண்ணும் அதிகாரமும் இந்தக் கணக்கில் உதைத்தால் அங்கேயே சந்தேகப்படலாம். கணக்கு ஒத்துவந்தாலும் நூலில் பார்க்காமல் எழுதக் கூடாது. வீட்டில் திருக்குறள் புத்தகம் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது.

இந்தச் சோதனையைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். ஏஐ தவறிய இடத்தை ஒருமுறை தானே பிடித்துவிட்ட பிள்ளை, அதற்குப் பிறகு அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. எந்த அறிவுரையும் அந்த வேலையைச் செய்வதில்லை.

கலாம் மேற்கோள்களுக்கு இப்படிக் கணக்கு எதுவும் இல்லை. எந்த நூலில், எந்தப் பேச்சில் என்று தெரியாவிட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள். மேற்கோள் இல்லாமலும் நல்ல கட்டுரை எழுதலாம்.

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லையென்றால்

இதுவரை சொன்னதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நேரமும் படிப்பும் உள்ள பெற்றோருக்குத்தானே என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. டியூஷனுக்குப் பணம் இல்லாத, ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தித் தர ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஏஐ உண்மையிலேயே ஒரு வாசல். அந்தப் பிள்ளையிடம் போய் "தொடாதே" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அங்கேயும் முறை இதேதான்; பெற்றோர் செய்ய வேண்டியது மட்டும் வேறு. பிள்ளை முதலில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இடையில் தமிழ்ச் சொல் வந்தாலும் பரவாயில்லை என்று, முழுக் கடிதத்தையும் நோட்டில் எழுதட்டும். பிறகு ஏஐயிடம், "என் பிழைகளில் முக்கியமான மூன்றை மட்டும் எடுத்து, ஏன் பிழை என்று தமிழில் விளக்கு, திருத்திய கடிதத்தைத் தராதே" என்று கேட்கட்டும். விளக்கம் புரிந்ததும் தானே திருத்தி எழுதட்டும். அந்த மூன்று பிழைகளையும் தனி நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைக்கட்டும். ஆங்கிலம் தெரியாத அம்மாவாலும் அந்த நோட்டைத் திறந்து, "இது என்ன பிழை, எனக்குச் சொல்லு" என்று கேட்க முடியும். பிள்ளை அம்மாவுக்கு விளக்கும்போது அந்தப் பாடம் மனத்தில் நிற்கும்.

பள்ளியில் என்ன சொல்வது?

பல பள்ளிகளில் இதற்கு எழுதிவைத்த விதி இன்னும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் நீங்களே கேளுங்கள்: எதற்கு ஏஐ அனுமதி, எதற்கு இல்லை? பதில் வரும்வரை, ஏஐயைப் பயன்படுத்திய ஒப்படைப்புகளின் கீழே பிள்ளை ஒரு வரி எழுதட்டும்: "கட்டுரை நான் எழுதியது. கேள்விகள் கேட்டுத் திருத்திக்கொள்ள ஏஐயின் உதவி பெற்றேன்." கட்டுரைப் போட்டி, கவிதைப் போட்டி என்றால் ஏஐ பக்கமே போகக் கூடாது.

ரஃப் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்களைச் சில பள்ளிகள் பயன்படுத்துகின்றன. அவற்றை நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று சொல்லி அதே வருடம் ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள், ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று இத்தகைய மென்பொருள்கள் தவறாகச் சொன்னதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். எளிய சொற்களில், நேரான வாக்கியங்களில் எழுதினால் அந்த மென்பொருளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் அப்படிப்பட்டதுதான். உங்கள் பிள்ளை மேல் வீண்பழி வந்தால், அடித்தல் திருத்தலோடு இருக்கும் அந்த ரஃப் நோட்டுதான் சாட்சி.

ஏற்கெனவே பார்த்து எழுதப் பழகிவிட்ட பிள்ளை

திட்ட வேண்டாம். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வரி நல்லா இருக்கே, எனக்கு விளக்கமாச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் பிள்ளைக்கே புரிந்துவிடும். அடுத்த கேள்வி, "ஏன் தேவைப்பட்டது?" பதில் பெரும்பாலும் சோம்பல் அல்ல. ஒரே நாளில் மூன்று பாடத்துக்கு எழுத்து வேலை இருந்திருக்கும். அல்லது தன் தமிழ் மட்டம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முதலாவது என்றால் ஆசிரியரிடம் பேசுங்கள். இரண்டாவது என்றால் பிள்ளை எழுதியதைப் பிழையோடு ஏற்றுக்கொண்டு ரசித்துப் படியுங்கள், கொஞ்ச நாளைக்குத் திருத்தவே வேண்டாம்.

பிறகு, முழுக் கட்டுரையையும் திரும்ப எழுதச் சொல்லாமல், ஒரு பத்தியை மட்டும் எடுத்து, "இதில் நம் வீடு, நம் தெரு எங்கே வரும்?" என்று கேட்டு அதை மட்டும் கையால் எழுத வையுங்கள். அடுத்த வாரம் இரண்டு பத்தி.

இதோடு நாமும் ஒன்றை நிறுத்த வேண்டும். பிள்ளையின் பிராஜெக்ட்டை இரவோடு இரவாக ஏஐயில் எடுத்து, அச்சடித்து, ஒட்டிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக்கு நாம் விதி பேசும்போது அது செல்லாது. பிராஜெக்ட் பிள்ளையால் முடியாத அளவுக்கு இருந்தால், முடிந்த அளவு மட்டும் செய்து கொடுத்துவிட்டு ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்.

வீட்டு விதியைத் தாளில் எழுதிப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள்: முதலில் ரஃப் நோட்டு, பிறகு சத்தமாக வாசிப்பு, தேவைப்பட்டால் ஏஐயிடம் கேள்வி மட்டும், மேற்கோளை நூலில் பார்த்த பிறகே எழுதுவது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் பிள்ளையோடு உட்கார்ந்து அதைத் திரும்பப் பாருங்கள். தளர்த்த வேண்டியது இருந்தால் தளர்த்துங்கள். செயலிகளின் செட்டிங்ஸையும் அன்றைக்கே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். புதுப்பிப்பு வரும்போது புது வசதிகள் தாமாகவே இயங்கத் தொடங்கியிருக்கலாம்.